'எந்த இடத்தில் விளங்கவில்லை?' என்று கேட்டவர்களுக்கு

எங்கள் விஞ்ஞான பீடத்துச் சேர்மார், மேடம்மார், சீனியர்கள், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சேர்ந்து செய்த ஆங்கிலம், தமிழ், சிங்களம் மூன்றிலுமான அறிவியல் சொற்பட்டியல் புத்தகமாகிவிட்டது. விளங்காத இடத்தைக் கேட்டு உதவியவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இது.

மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து) தினமும் ஹட்டனுக்கு பஸ் ஏறிப்போய், உயர்தரத்தைத் தமிழில் படித்தவள் நான். பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய தகுதி வரிசைக்கு, 55 இடம் மாவட்டங்களுக்கு, 5 இடம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. எங்கள் நுவரெலியா மாவட்டம் அந்தக் கடைசிப் பட்டியலிலும் இருக்கிறது. சரி, உள்ளே வந்தாயிற்று. வந்து பார்த்தால் விரிவுரை முழுக்க ஆங்கிலம்.

திணிவு என்று படித்ததை சேர் 'மாஸ்' என்றார். எனக்கு அதுவரை மாஸ் என்றால் விஜய் படம்தான். 'மொமெண்டம்', 'மொமெண்ட்' இரண்டும் காதில் ஒன்றாகவே விழுந்தன. ஒன்று உந்தம், மற்றது திருப்பம் என்று பிடிபடுவதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. பாடம் தெரியும், அதன் பெயர்தான் தெரியாது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டப்படி பீடச் சபையில் மாணவர் இரண்டு பேருக்கு இடமுண்டு. வழக்கமாக அங்கே கன்டீன் விலையும் விடுதித் தண்ணீரும்தான் போகும். அந்த வருடம் இருந்த அண்ணாவும் சிங்கள அக்காவும் இந்த விஷயத்தைக் கொண்டுபோனார்கள். முதல் நன்றி அவர்களுக்கு. "ஆங்கில வகுப்பு இருக்கிறதே, அதற்குப் போகட்டும்" என்ற சேருக்கும் நன்றி. கடைசியில் எங்கள் சொற்பட்டியலில் பாதிக்கு மேல் திருத்தியது அவர்தான்!

ஆனால் நான் மறக்கவே மாட்டாதது ஒரு மேடத்தை. தன் செய்முறைத் தாளை எங்களிடம் நீட்டி, விளங்காத இடத்திலெல்லாம் சிவப்புப் பேனாவால் கோடு போடச் சொன்னார். விரிவுரையாளர் தாளில் நாங்கள் சிவப்புப் பேனா வைப்பதா? கை நடுங்கியது உண்மை. அடுத்த புதன்கிழமை அந்தத் தாள் புதிதாக எழுதப்பட்டு வந்தது. நாங்கள் கோடு போட்ட சொற்களுக்குப் பக்கத்தில் தமிழும் சிங்களமும்.

ஆமாம், சிங்களமும்தான். மாத்தறையிலிருந்து வந்த தோழிக்கும் இதே கதை என்பது அப்புறம்தான் தெரிந்தது. திணிவு அவர்களுக்கு 'ஸ்கந்தய'வாம். கேட்டதும் எனக்குக் கதிர்காமத்துக் கந்தன்தான் நினைவுக்கு வந்தான். சொற்பட்டியலின் மூன்றாவது நிரலான சிங்களத்தை முழுவதும் தட்டச்சு செய்தது அவள்.

மாலையில் ஆய்வுகூடத்தைப் பூட்டாமல் காத்திருந்த உதவியாளர் அண்ணா, காசை அடுத்த மாதம் தரலாம் என்ற போட்டோகொப்பிக் கடை முதலாளி, எல்லோருக்கும் நன்றி. இந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு "இதில் உன் பேர் எங்கே?" என்று கேட்ட அம்மாவுக்கும். யார் பேரும் போடவில்லை அம்மா, எல்லோரும் சேர்ந்து செய்தது.

புது பட்ச் வருவதற்குள் இரண்டாம் பதிப்பு போட வேண்டும். இரசாயனவியல் பகுதி இன்னும் மெலிவுதான், கோடு போட ஆள் தேவை. பிறகு, ஏழாம் பக்கத்தில் 'அமுக்கம்' என்பது 'அழுக்கம்' என்று அச்சாகிவிட்டது. பிழை என்னுடையது. பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மூன்றாம் வருட மாணவி ஒருத்தி