இயற்கை ஒயின்: தெளிப்பு இல்லை என்பது சரியல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இத்தாலியின் தொஸ்கானா பகுதியில் இயற்கை (ஆர்கானிக்) முறையில் ஒயின் தயாரிக்கும் சிறு பண்ணைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை ஆவலோடு படித்தேன். கியாந்திக் குன்றுகளையும் சாஞ்சோவேசே திராட்சையையும் பற்றி நிறைவாகவே எழுதியிருந்தார்கள். ஆனால், அங்கே கொடிகளுக்கு எந்த மருந்தும் தெளிப்பதில்லை என்ற ஒரு வரியை மட்டும் ஏற்க முடியவில்லை. அத்தகைய பண்ணைகளில் சில பருவங்கள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அந்த வரி தவறான தகவல் என்பதோடு, அங்குள்ள விவசாயிகளின் உழைப்பில் பெரும்பகுதியை மறைத்தும் விடுகிறது.

ஐரோப்பியத் திராட்சைக் கொடிக்கு அடிச்சாம்பல் நோயை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே குறைவு. ஏனெனில் அந்த நோய் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அமெரிக்காவிலிருந்து அங்கு வந்து சேர்ந்தது. செம்புச் சேர்மமான மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்த போர்டோ கலவை 1885 வாக்கில் அதற்கு மருந்தாக அறிமுகமானது. இன்றைக்கும் இயற்கை விவசாயிகளின் முதன்மைக் காப்பு செம்புதான். வேறொரு பூஞ்சை நோயான சாம்பல் நோய்க்குக் கந்தகம். வெப்பநிலை பத்து டிகிரியைத் தொட்டு, தளிர் பத்து சென்டிமீட்டர் வளர்ந்து, ஓரிரு நாளில் பத்து மில்லிமீட்டர் மழையும் பெய்துவிட்டால் நோய் தொற்றும் என்பது இத்தாலிய விவசாயிகள் கைக்கொள்ளும் பழைய கணக்கு. அதன்பின் தினமும் இலைகளைப் பார்க்க வேண்டும். காகிதத்தில் எண்ணெய் பட்டதுபோல இலையின் மேற்புறத்தில் மஞ்சள் புள்ளி தெரியும். திருப்பிப் பார்த்தால் அடியில் வெண்பூஞ்சாணம் படர்ந்திருக்கும். அந்தக் கட்டத்தில் தெளித்துப் பெரிய பயன் இல்லை. செம்பு இலைக்குள் ஊடுருவுவதில்லை, மேலே படிந்து நின்றுதான் காக்கிறது; பலத்த மழை பெய்தால் கழுவப்பட்டுவிடும், புதிதாக விரியும் இலைக்கும் அந்தக் காப்பு கிடையாது. ஆகவே மழைக்கு முன்பே தெளித்திருக்க வேண்டும். மழை விட்டபின் மறுபடியும் தெளிக்க வேண்டும்.

செம்பைத் தாராளமாகத் தெளித்துவிடவும் முடியாது. அது மண்ணில் சிதைவதில்லை. ஆண்டுக்காண்டு மேல்மண்ணில் சேர்ந்து மண்புழுக்களையும் நுண்ணுயிர்களையும் பாதிக்கிறது. இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல், ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் செம்பு இடக்கூடாது என்று வரம்பு விதித்தது. சராசரியாக ஆண்டுக்கு நான்கு கிலோ. ஒரு முறைக்கு முந்நூறு கிராம் செம்பு என்று வைத்துக்கொண்டால் பதின்மூன்று முறை தெளித்ததுமே அந்த ஆண்டின் பங்கு ஏறத்தாழத் தீர்ந்துவிடும். 2023இல் வசந்தம் முழுவதும் மழை விடாமல் பெய்து, இத்தாலியின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் அடிச்சாம்பல் நோய் தோட்டம் தோட்டமாகப் பரவியது. முந்தைய ஆண்டு ஏறத்தாழ ஐந்து கோடி ஹெக்டோலிட்டராக (ஒரு ஹெக்டோலிட்டர் நூறு லிட்டர்) இருந்த நாட்டின் ஒயின் உற்பத்தி நான்கு கோடிக்கும் கீழே இறங்கியது. செம்பை எண்ணி எண்ணிச் செலவிட வேண்டிய இயற்கை விவசாயிக்கு அது எத்தகைய ஆண்டாக இருந்திருக்கும் என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும்.

வரிசைகளுக்கிடையே மொச்சை வகைகளையும் பார்லியையும் விதைத்து மடக்கி உழுவது, கொத்தைச் சுற்றிய இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் தருவது, இனக்கவர்ச்சி மணத்தைப் பரப்பிக் காய்ப்புழுவின் அந்துப்பூச்சிகள் இணைசேராமல் தடுப்பது ஆகிய பணிகளைக் கட்டுரை தொட்டுச் சென்றது மகிழ்ச்சி.

ஒயின் கூடத்தைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. 2012 ஆகஸ்ட் வரை ஐரோப்பாவில் 'இயற்கை ஒயின்' என்று சட்டப்படி எதுவும் இல்லை. 'இயற்கைத் திராட்சையிலிருந்து எடுத்த ஒயின்' என்றுதான் எழுத முடிந்தது. அதன்பின் வந்த விதிகளும், ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்பைட்டை முற்றாக விலக்கவில்லை, குறைக்கவே செய்தன. இனிப்பற்ற சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 100 மில்லிகிராம், வெள்ளை ஒயினில் 150 என்பது உச்ச வரம்பு. சாதாரண ஒயினுக்கு இவை முறையே 150, 200. நொதித்தலின்போதே சிறிதளவு சல்பைட் தானாக உருவாகிவிடும் என்பதால், அறவே இல்லை என்று சொல்வது எந்த ஒயினுக்கும் பொருந்தாது.

கட்டுரை அறவே விட்டுவிட்ட செய்தி ஒன்று உண்டு. சாதாரண முறையிலிருந்து மாறும் தோட்டம் மூன்று ஆண்டுகள் முழுதும் இயற்கை விதிகளின்படியே நடந்தாக வேண்டும். ஆனால் அக்காலத்து அறுவடையை இயற்கை விளைச்சல் என்று விற்க முடியாது. செலவும் இழப்பும் கூடுகின்றன, விலை கூடுவதில்லை. நூற்றுக்கணக்கான ஹெக்டேர் வைத்திருக்கும் நிறுவனம் நிலத்தைப் பகுதி பகுதியாக மாற்றி இதைத் தாங்கிக்கொள்ளும். ஐந்தாறு ஹெக்டேர் குன்றுச் சரிவும் ஒரே குடும்பத்தின் கைகளும் மட்டுமே உள்ள பண்ணைக்கு அந்த மூன்றாண்டுகளே மிகக் கடினமானவை. இத்தகைய பண்ணைகளைப் பற்றித் தாங்கள் மீண்டும் எழுதும்போது, தெளிப்புக் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டு, அதில் உள்ளவற்றையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்