முன்பெஞ்சில் உட்காரவைத்தால் போதுமா?

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். காது கேளாத பிள்ளை பள்ளியில் சேர்ந்ததும் பெரும்பாலும் நடப்பது இதுதான்: முன்பெஞ்சில் ஓர் இடம், ‘டீச்சர் வாயைப் பார்’ என்றொரு அறிவுரை. கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல் ‘தாய்’, ‘நாய்’ என்று சொல்லிப் பாருங்கள். பிறகு ‘பாடு’, ‘மாடு’. வாய் ஒரே மாதிரிதான் அசையும். மூக்கொலியைக் கண்ணால் பார்க்க முடியாது. அடிநாக்கில் பிறக்கும் ‘க’ உதட்டுக்கு வருவதே இல்லை. இதில் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டே பேசினால் மிச்சமும் போயிற்று. எழுதி முடித்து, திரும்பி நின்று பேசச் சொல்லுங்கள்.

காது மெஷின்தான் இருக்கிறதே என்பார்கள். அது ஆசிரியர் குரலோடு மின்விசிறி இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். ஓரிரு மீட்டர் தள்ளிப்போனாலே பேச்சு கலங்கிவிடும். காலையில் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். பிள்ளைக்குப் பின்னால் நின்று ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளையும் வரிசை மாற்றிச் சொல்லி, கேட்டதும் கைதூக்கச் சொல்லுங்கள். நேற்றுக் கேட்டது இன்று கேட்கவில்லையென்றால் முதலில் பேட்டரியையும், காதுக்குள் பொருந்தும் அச்சான மோல்டில் குரும்பி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டன் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்து, ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்த பிறகே போடவேண்டும். மெஷின் விசிலடித்தால் ஒலியைக் குறைத்துவிடுகிறார்கள். பிள்ளைக்குப் பாடமும் குறைந்துவிடும். காது வளர்ந்து மோல்டு தளர்ந்திருக்கும், புதிதாக அளவெடுக்க அனுப்புங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பேச்சு எட்டாத பிள்ளைகளுக்குச் சைகை மொழிதான் வழி. சைகை பழகினால் பேச்சு வராது என்ற பயம் பழையது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்விக்கான சர்வதேச மாநாடு சைகையை வகுப்பறையிலிருந்து விரட்டியது. அதே மாநாடு 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடியபோது அந்தத் தீர்மானங்களை நிராகரித்தது. சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை நியமிக்கச் சொல்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்.

விடைத்தாளில் ‘அம்மா கடை போ’ என்றிருந்தால் மக்கு என்று முடிவுகட்டாதீர்கள். ‘கடைக்கு’, ‘கடையில்’, ‘கடையிலிருந்து’ எல்லாம் நாம் காதால் கேட்டே கற்றவை. சைகையில் அந்த வேலையைக் கை நகரும் திசை செய்கிறது. மேசையில் வீட்டுக்கு ஓர் இடம், கடைக்கு ஓர் இடம் குறித்துக் கையை நகர்த்திக் காட்டி, அங்கேயே ‘க்கு’, ‘இலிருந்து’ என்று எழுதுங்கள். பிடித்துக்கொள்வார்கள்.

சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளில் ஒரு பீரியடை முழு வகுப்புக்கும் சைகை கற்பிக்க விடுங்கள். மதிய உணவு வரிசையில் அந்தப் பிள்ளைக்குப் பேச ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
செவித்திறன் குறையுடையோருக்கான சிறப்புப் பயிற்றுநர்கள் சிலர்