மதியச் சாப்பாடு: பீச் ரோடு தாய்லாந்துக் கடைகள்

சிங்கப்பூரின் பீச் ரோடு பக்கம் வேலைக்கு வருபவர்களுக்கு: தாய்லாந்துக் கடைகள் இருந்த கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 2023-இல் மூடினாலும் பக்கத்து கோல்டன் மைல் டவரில் தாய்லாந்துச் சாப்பாடு கிடைக்கிறது. நிக்கல் ஹைவே எம்ஆர்டியிலிருந்து நடந்தே போகலாம்.

கடையின் தரம் பார்க்க பாட் கிராபாவ் (துளசி இலை போட்டு வதக்கிய இறைச்சி) கேளுங்கள். அதில் விழவேண்டியது நம் துளசிதான்; கிராம்பு வாசனையும் மிளகுக் காரமும் தூக்கலாக இருக்கும். திருநீற்றுப்பச்சிலையும் குடைமிளகாயும் போட்டு இனிப்பாகத் தந்தால் வேறு கடை பாருங்கள். சோம் தாம் (பச்சைப் பப்பாளி சாலட்) சொன்னபிறகு உரலில் இடிக்கும் சத்தம் கேட்கணும். முன்பே கலந்த பப்பாளி நீர்விட்டுத் துவண்டுவிடும்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனம்! "இறைச்சி வேண்டாம்" என்றால் போதாது. மீன் சாஸ், சிப்பி சாஸ் இரண்டையும் தனியாகச் சொல்லித் தவிருங்கள். பச்சை, சிவப்புக் கறிக் குழம்புகளின் மசாலா விழுதில் இறால் விழுது சேர்த்தே அரைத்திருப்பார்கள், பிரித்தெடுக்க முடியாது. "ஜே" (தாய்லாந்து மொழியில் சுத்த சைவம்) என்று கேட்டு, சோயா சாஸில் வதக்கிய காய்கறி வாங்குவதே நல்லது. காரம் குறைய வேண்டுமானால் "பெட் நொய்" என்று சொல்லுங்கள்.