தலைக்கணக்கில் துவக்குப் பத்திரம்

ஆசிரியர் அவர்கட்கு,

அமெரிக்காவின் துவக்கு (துப்பாக்கி) வியாபார அனுமதிப்பத்திரங்களை அந்தந்த மாநிலச் சனத்தொகையால் வகுத்துக் காட்டிய உங்கள் கட்டுரை, கடைசியில் அதே அளவுகோலை இலங்கையின் வடக்கிலுள்ள எங்கள் வன்னிக்கும் வைத்துவிட்டது. அதைத்தான் மறுக்கிறோம்.

மொன்றானா, வயோமிங் போன்ற மாநிலங்கள் பட்டியலில் மேலே நிற்பதற்குச் சனம் குறைவாக இருப்பதே பெரிய காரணம். 800 பேர் உள்ள இடத்தில் ஒரேயொரு கடை இருந்தாலும் லட்சம் பேருக்கு 125 என்று கணக்கு வரும். பத்திரம் எல்லாம் கடையும் அல்ல. அடகுக்கடை, உற்பத்தி, பழந்துவக்குச் சேகரிப்பு என்று வகைகள் உண்டு. 1993இல் ஆண்டுக்கு 10 டொலராக இருந்த கட்டணம் மூன்றாண்டுக்கு 200 டொலரானது. அடுத்த ஆண்டு விதிகளும் இறுகின. வீட்டிலிருந்தே பத்திரம் வைத்திருந்தவர்கள் கழன்றுகொள்ள, இரண்டரை லட்சத்துக்கு மேலிருந்த பத்திரங்கள் அந்தத் தசாப்தம் முடிய ஒரு லட்சமளவுக்கு இறங்கின. சனமா குறைந்தது?

இனி வன்னி. 2012 கணக்கெடுப்பின்படி முல்லைத்தீவில் சதுர கிலோமீற்றருக்கு 40 பேர்கூட இல்லை. நாட்டின் சராசரியோ 300ஐத் தாண்டும். தலையால் வகுத்தால் எங்களுக்கு நாலு துவக்கே போதும் என்றாகும். ஆனால் சனம் ஐதான இடத்தில்தான் காடு வயலின் வரம்புவரை வருகிறது. இரவுக் காவலுக்கு ஆள் போதாத வயலில்தான் பன்றி இறங்குகிறது.

சுடுகலன் பத்திரம் டிசம்பர் 31உடன் காலாவதியாகும். காலபோக (மாரிகால) நெல் குடலை தள்ளுவதும் கதிர் பறிவதும் அந்த நாட்களில்தான். புதுப்பித்தல் இழுபட்டால், பன்றி பால்கதிரைச் சப்பித் துப்பும் வாரங்களில் துவக்கைத் தொட முடியாது.

இன்னொரு சிக்கல் குடும்ப அமைப்பு. பயிர்க்காவலுக்குப் பத்திரம் கேட்பவர் காணி தன் செய்கையில் உள்ளதென்று காட்ட வேண்டும். இங்கே பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் ஏராளம். காணி அனுமதிப்பத்திரம் இன்னமும் இறந்துபோன அல்லது காணாமல் ஆக்கப்பட்ட கணவரின் பெயரில் கிடக்கிறது. குத்தகைக்குச் செய்பவரிடமோ எழுத்தே இல்லை. இவர்கள் விண்ணப்பப் படிவத்தின் முதற்பக்கத்தைத் தாண்டுவதில்லை.

பத்திரம் மறுக்கப்படும் ஊரில், கம்பியில் தட்டுப்பட்டால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்குத்தான் முளைக்கிறது. பன்றித் தடத்துக்குக் குறுக்கே கட்டிய கம்பிக்கு ஆள் எது, மிருகம் எது என்று தெரியாது. விடியப்புறம் தண்ணீர் பார்க்கப் போகிறவரின் முழங்காலைத்தான் அது சிதறடிக்கிறது.

ஆகவே மாவட்டச் செயலகங்கள் தலையை எண்ணுவதை விட்டு, ஒவ்வொரு கமநல சேவை நிலையத்தின் கீழும் காட்டோரமாக எத்தனை ஏக்கர் விதைக்கப்படுகிறது என்று எண்ணட்டும். புதுப்பித்தலை ஆவணி, புரட்டாதியில், விதைப்புக்கு முன்பே முடித்துக்கொடுக்கட்டும். பெண்களுக்கும் குத்தகைக்காரருக்கும் கமக்காரர் அமைப்பும் கிராம அலுவலரும் சேர்ந்து தரும் உறுதிக் கடிதத்தை ஏற்கட்டும்.

இப்படிக்கு,
வன்னிக் கமக்காரர் சிலர்,
ஒட்டுசுட்டான்.