கம்பி போட்ட பல்லும் எச்சிலும்

அன்புள்ள சாந்தி,

கடிதம் கிடைத்தது. உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே இவருக்கு ஒருவழியாக மாற்றல் வந்துவிட்டது, ஜூனில் திருச்சிக்குப் போகிறோம், இப்போதே பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அருணுக்குக் கம்பி போட்ட பிறகு மேல் முன்பற்களில் வெள்ளைத் திட்டு தெரிகிறது, கம்பி எச்சிலில் ஊறி ஊறிப் பல்லை அரிக்கிறதா என்று கேட்டிருந்தாய். பயோகெமிஸ்ட்ரி எடுக்கிறவளிடம் எச்சிலைப் பற்றிக் கேட்டால் விடுவேனா?

முதலில், கம்பியைத் திட்டாதே. அதிலிருந்து நிக்கல் துளித்துளி கசியும்தான், நிக்கல் அலர்ஜி உள்ளவர்கள் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். ஆனால் பல்லை அரிப்பது அது இல்லை.

நீ எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும், வாய் கொப்பளித்த சில நிமிடத்துக்குள் எச்சிலில் உள்ள புரதங்கள் எனாமல் என்கிற பல்லின் கடினமான மேல் ஓட்டில் வந்து படிந்துவிடும். பெலிக்கிள் என்று பெயர், கண்ணுக்கே தெரியாத படலம். ஸ்டாதெரின் என்று ஒரு சின்னப் புரதம், அதன் ஒரு முனையில் உள்ள பாஸ்பேட் பல்லின் கால்சியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். எச்சிலில் அளவுக்கு மீறிக் கரைந்திருக்கும் கால்சியம் பாஸ்பேட் கண்ட இடத்தில் கல்லாகப் படியாமல் பார்த்துக்கொள்வதும் இதுதான். படலம் அமிலத்தையும் ஓரளவு தடுக்கும். அப்புறம் புரோலின் என்கிற அமினோ அமிலம் நிறைந்த புரதங்கள் இருக்கின்றன, எனக்கு மிகவும் பிடித்தவை: எச்சிலில் மிதக்கும் வரை பாக்டீரியா இவற்றைச் சட்டை செய்வதில்லை, பல்லில் ஒட்டியதும் உருவம் கொஞ்சம் மாறி உள்ளே மறைந்திருந்த இடம் வெளியே வரும், சில பாக்டீரியா அதைத்தான் பிடித்துக்கொண்டு பல்லில் குடியேறுகின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று தோன்றும், ஆனால் முதலில் வருகிறவை பெரும்பாலும் சாதுவானவை, சர்க்கரையைத் தின்று அமிலம் கக்குகிற கூட்டம் பிறகுதான் சேர்கிறது.

ஸ்டீல், ரப்பர் வளையம், பிராக்கெட்டை (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் குட்டித் துண்டு) ஒட்டிய பசை எல்லாவற்றின் மேலும் இதே மாதிரி படலம் உண்டு, எந்தப் புரதம் எவ்வளவு என்பதுதான் பரப்புக்குப் பரப்பு மாறும். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய தொல்லை பிராக்கெட்டின் ஓரம். சொரசொரப்பான பசை, பிரஷ் புகாத இடுக்கு, எச்சில் ஓடிக் கழுவ வழியில்லை. அங்கே அமிலம் தேங்கி பிஹெச் (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாது கரைந்து வெளியேறும், ஒரு மாதத்திலேயே வெள்ளையாகத் தெரிய ஆரம்பிக்கலாம். எச்சில் வரும் துளைகள் மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்திலும் நாக்குக்கு அடியிலும் இருப்பதால், மேல் முன்பற்களுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். அருணுக்கு அங்கே வந்ததில் ஆச்சரியமில்லை.

என் மகளுக்கு பிராக்கெட் ஒட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். அமில ஜெல் தடவிக் கழுவிக் காற்றடித்ததும் பல் சாக்பீஸ் மாதிரி வெளுத்தது. அந்த நேரம் பார்த்து நாக்கு அசைந்து ஒரு துளி எச்சில் பட்டுவிட, டாக்டர் பஞ்சை மாற்றி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஜெல் அரித்து உண்டாக்கிய நுண்குழிகளில்தான் பசை இறங்கிப் பிடிக்கும், எச்சில் புரதம் அவற்றை அடைத்துவிட்டால் பசை பிடிக்காதே!

அருணிடம் சொல், ஃபுளோரைடு பேஸ்ட், பிராக்கெட் இடுக்குக்கு அந்தக் குட்டி பிரஷ். தூங்கும்போது எச்சில் சுரப்பது மிகக் குறைவு, அதனால் ராத்திரி தேய்க்காமல் படுக்கவே கூடாது. நாள் முழுக்க மிட்டாய் அதக்குவதும் வேண்டாம். திட்டை டாக்டரிடம் இப்போதே காட்டுங்கள், ஆரம்பத்தில் என்றால் ஃபுளோரைடு பூசிக் கட்டுப்படுத்தலாம். ரப்பர் வளையம் மஞ்சளானதற்குக் கவலைப்படாதே, அது சாம்பார் மஞ்சள்தான், அடுத்த முறை சாம்பல் நிறத்தில் கேட்டு வாங்கு.

திருச்சி முகவரி கிடைத்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
மீனா