திறக்காத கோப்பு

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ கோபமாகக் கேட்டாயே, "பொய் சொல்ற தலைவர்களை உள்ளே போட ஒரு சட்டம் இல்லையாப்பா?" என்று. போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கோபம் எனக்குள்ளும் உண்டு, பாப்பா. தோட்டத்தில் எனக்குப் பதினெட்டு வயது. தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வேட்பாளர் ஒருவர் மாரியம்மன் கோவில் வாசலில் வந்து நின்றார். கையில் பழுப்பு நிறக் கோப்பு. "உங்க நிலத்துக்கு கிராண்டு, அதான் பட்டா, கையெழுத்தாயிடுச்சு, இதோ இதுக்குள்ள இருக்கு" என்று அதைத் தட்டிக் காட்டினார். திறக்கவில்லை. உன் பாட்டி நீட்டிய கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தோட்டத்து லயம் வீடுகள் எல்லாமே அவருக்கு ஓட்டுப் போட்டன. கிராண்டு வரவில்லை. தோட்டம் கைமாறி, நாங்கள் லாரியில் சாமான் ஏற்றினோம். "சாமி முன்னாடி சொன்னாரே" என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் பொய்க்கென்றே ஒரு சட்டம் என்றால் எனக்குப் பயம். 2018 ஏப்ரலில், தேர்தல் நெருங்கும் நேரத்தில், அப்போது பிரதமராக இருந்த நஜிப்பின் அரசு இங்கே மலேசியாவில் பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. 6 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம். முதலில் தண்டனை வாங்கியது யார்? கோலாலம்பூரில் பாலஸ்தீனியர் ஒருவர் சுடப்பட்டபோது போலீஸ் தாமதமாக வந்தது என்று வீடியோ போட்ட டென்மார்க்காரர். பிறகு, தான் ஏறவிருந்த விமானத்தில் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று சொன்ன மகாதீர் மீது விசாரணை. அப்போது அவர் எதிரணியின் பிரதமர் வேட்பாளர்! 2019 கடைசியில்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. தன் கணக்குக்கு வந்த பணம் அரபு நன்கொடை என்ற நஜிப்பை அது தொடவே இல்லை. 2020-இல், எஸ்ஆர்சி என்ற அரசு நிறுவனத்தின் பணம் அவர் கணக்குக்குப் போன வழக்கில், அவருக்கு 12 ஆண்டு வாங்கிக் கொடுத்தவை வங்கிக் கணக்குகளும் சாட்சிகளும்தான்.

நீ இருக்கும் சிங்கப்பூரையே பார். 2021-இல் எதிர்க்கட்சி எம்.பி. ரயீசா கான் நாடாளுமன்றத்தில் பொய் சொன்னார். 35,000 டாலர் அபராதம். அதை விசாரித்த நாடாளுமன்றக் குழுவிடம் பொய்யாகப் பதில் சொன்னதாக 2025 பிப்ரவரியில் அவருடைய கட்சித் தலைவராக இருந்த பிரித்தம் சிங்குக்கு நீதிமன்றம் 14,000 டாலர் விதித்தது. மேடைப் பேச்சுக்கு இல்லை. ஏட்டில் ஏறிய வார்த்தைக்கு. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. இங்கே மலேசியாவிலும் நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி சொன்னால் 7 ஆண்டு வரை சிறை உண்டு. கற்பூரத்தைத் தொட்டவர்மேல் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? அன்று கோப்பைத் திறக்கச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லையே என்பதுதான் இன்றும் என்னை அறுக்கிறது.

போன வாரம் நம் ஃபிளாட்டுக்கு ஒரு தலைவர் வந்தார். லிஃப்ட் மாற்றப் பணம் ஒதுக்கியாகிவிட்டது என்றார். எழுந்து, அனுமதிக் கடிதத்தின் எண்ணைக் கேட்டேன். "பெரியவருக்கு நம்பிக்கை இல்லையா?" என்றார். மறுபடியும் எண்ணைத்தான் கேட்டேன். உதவியாளர் கோப்பைப் புரட்டி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். உன் அம்மா அதைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். திங்கட்கிழமை மாநில அரசு அலுவலகங்கள் இருக்கும் கொம்தாருக்குப் போய் அப்படியொரு கடிதம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உன்னைக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா