தச்சுப் பயிற்சி வகுப்பு நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒருவர் நடத்திய இரண்டு நாள் வகுப்புக்கு வந்திருந்தேன். பெயர் வேண்டாம், பல இடங்களிலும் இதே கதைதான். சுவரில் வார்னிஷ் பூசிய பழைய மர இழைப்புளி, அதாவது பலகையைச் சீவி வழவழப்பாக்கும் கருவி, ஒன்று தொங்கியது. எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "சும்மா அலங்காரத்துக்கு சார், அந்தக் காலத்துப் பொருள்" என்றார்கள். புரட்டிப் பார்த்தால் உள்ளே வெட்டும் தகடே இல்லை.

இரண்டு நாளும் மெஷின்தான்: பள்ளம் வெட்டும் ரவுட்டர், வட்ட ரம்பம், உப்புத்தாளால் தேய்க்கும் சாண்டர். எனக்கு மெஷின் மேல் கோபமில்லை. பத்துப் பலகையை ஒரே கனத்துக்குக் கொண்டுவர மெஷின் வேண்டும்தான். ஆனால் நான் கொண்டுபோன வேப்பம்பலகை, இழைக்க இழைக்கப் பிய்ந்துகொண்டு வந்தது. நாரின் ரேகை மாறி மாறி ஓடும் மரம் அப்படித்தான் செய்யும். என்ன செய்வது என்று கேட்டதற்குக் கிடைத்த ஒரே பதில்: "சாண்டர் போட்டுத் தேய்ச்சிடுங்க."

இதற்கு 250 வருடங்களுக்கு முன்பே விடை இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இழைப்புளிக்கு இரட்டைத் தகடு வந்தது. வெட்டும் தகட்டின் மேல் இன்னொரு தகடு, அவ்வளவுதான். மேல்தகட்டின் முனையைக் கூர்முனையிலிருந்து அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தள்ளி வைக்க வேண்டும். சீவல் எழும்பியதும் அதில் முட்டி அங்கேயே மடிந்துவிடும். நீளமாக எழும்பினால்தான் முன்னால் உள்ள நாரை நெம்பிப் பிளக்கும். மடிந்த சீவலால் நெம்ப முடியாது, பலகை வழவழவென்று வரும்.

இதில் வேடிக்கை, மெஷின் வந்தபின் மேலைநாட்டில் பலருக்கே இது மறந்துபோனது. மேல்தகடு தகட்டின் அதிர்வைக் குறைக்கத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். கவாய், கடோ என்ற ஜப்பானியப் பேராசிரியர்கள் சீவல் மடிவதைப் படமெடுத்திருந்தார்கள். 2012 வாக்கில் அந்தக் காணொளி இணையத்தில் பரவிய பிறகுதான் பழைய பாடத்தைத் திரும்பப் படித்தார்கள். நம் தெரு ஆசாரியிடம் கேட்டேன். "முரட்டு மரம்னா மேல்தகட்டை நுனிக்குக் கொண்டுவா தம்பி" என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

இங்கிலாந்தில் ராச்செஸ்டர் ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு கருவிப்பெட்டி இருக்கிறது. 1796-இல் ஒரு தந்தை தன் மகன் பெஞ்சமின் சீட்டனுக்கு லண்டனில் கேப்ரியல் கடையில் கருவிகளை வாங்கிக் கொடுத்தார். அவற்றை வைக்கும் பெட்டியை மகனே செய்தான். உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் அதிகம் தேயாமல் அப்படியே இருக்கின்றன. அந்தக் காலத்து ரம்பத்துக்கு எத்தனை பல், கைப்பிடி எந்தச் சாய்வில் என்று இன்றைக்கு அளந்து பார்க்க முடிவது அதனால்தான். பெட்டி மட்டும் இருந்து கருவி இல்லாமல் போயிருந்தால், உங்கள் சுவர் இழைப்புளி மாதிரிதான்.

பிசினையும் பாருங்கள். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரத்தைச் சூடாகத் தடவித்தான் அன்றைக்கு நாற்காலி ஒட்டினார்கள். ஈரச்சூடு காட்டினால் அது இளகும், கழுந்தை, அதாவது துளைக்குள் செருகிய மர முனையை, கழற்றிச் சரிசெய்து திரும்ப ஒட்டலாம். உங்கள் வகுப்பில் நாங்கள் வெள்ளைப் பிசினால் ஒட்டிய ஸ்டூலின் கால் ஆடினால் அவ்வளவு எளிதாகக் கழற்ற முடியாது.

சரி, கேட்பது இதுதான். முதல் நாள் காலையைத் தீட்டுவதற்கு ஒதுக்குங்கள். ஆளுக்கொரு உளி, ஒரு எண்ணெய்க்கல். முன்கை முடியை மழிக்கும் கூர் வரும்வரை மெஷின் பக்கம் போகவிடாதீர்கள். பிறகு ஒரு மர இழைப்புளி. தகட்டின் தலையில் தட்டினால் இறங்கும், கட்டையின் பின்புறம் தட்டினால் ஏறும், ஆப்பை இறுக்கினால் நிற்கும். சுத்தியலின் சத்தத்திலேயே ஆப்பு இறுகிவிட்டதா என்று தெரியும். இதைப் பேசி விளக்க முடியாது, ஆகவே ஊரில் ஒரு ஆசாரியைக் கூப்பிடுங்கள். விருந்தினராக மாலை போட அல்ல, உங்களுக்குக் கிடைக்கும் அதே நாள் சம்பளத்துக்கு.

அப்புறம், அந்தச் சுவர் இழைப்புளியின் வாயை அளந்து வைத்திருக்கிறேன், சரியாக இரண்டு அங்குலம். தகடும் மேல்தகடும் நான் வாங்கித் தருகிறேன். ஆணியிலிருந்து இறக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
வேப்பம்பலகை கொண்டுவந்தவன்